தாயக்கட்டமும் கைத்தொலைபேசியும் போராட்டக் களமான கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விளையாட்டும் சமூக வலைத்தளமும் அரசியல் எதிர்ப்பைக் காட்டும் கருவிகளா, வெறும் பொழுதுபோக்கா?" என்பது இன்றைய தலைப்பு. இதில் வரலாற்றுப் பகுதியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கலும்பாங் பக்கத்து ஆள். சிலாங்கூரின் வடகோடி. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் பெர்ணம் ஆறு, அதைத் தாண்டினால் பேராக். ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் பால்மரக் காடு. இன்று பெரும்பகுதி செம்பனை. லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களில் பலர் இப்போது தாமான்களில் இருக்கிறோம்.

இந்தக் கருத்தரங்குக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒட்டுக்கடையில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக் கொண்டார். "என்ன தம்பி பேசப் போறீங்க? பிள்ளைங்க ராத்திரி பகலா போனைத் தட்டிக்கிட்டு விளையாடுதுங்க. இதுல போராட்டம் எங்கேருந்து வந்துச்சு? நாங்க பெரட்டுக் களத்துல நின்னு போராடுனோமே, அது போராட்டம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது முழு நியாயமா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு காட்சி. காஸாவில் போர் மூண்டிருந்த நேரம். 'ரோப்லோக்ஸ்' என்னும் இணைய விளையாட்டை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். அதற்குள் நம் நாட்டுச் சிறுவர்களும் இளைஞர்களும் பாலஸ்தீனத்துக்கு ஆதரவாக ஓர் ஊர்வலம் நடத்தினார்கள். சதுரத் தலையும் கட்டைக் கைகளும் கொண்ட பொம்மை உருவங்கள், கையில் கொடி பிடித்து வரிசையாக நடந்தன. பாலஸ்தீனக் கொடிக்குப் பக்கத்தில் நம் ஜாலூர் கெமிலாங்கும் பறந்தது. உலகச் செய்தி நிறுவனங்கள் அதைச் செய்தியாக்கின. சாலையில் ஊர்வலம் போக வயதில்லாத பிள்ளைகள், தங்களுக்குத் தெரிந்த திடலில் நடந்து காட்டினார்கள்.

சிலர் சிரித்தார்கள். சிலர் நெகிழ்ந்தார்கள். ஆனால் விளையாட்டுக்குள் அரசியல் நுழைந்தது அதுதான் முதல் முறை என்று எவரேனும் நினைத்தால், வரலாறு அதை ஒப்புக்கொள்ளாது.

நிலக்கிழாருக்கு எதிராக ஒரு விளையாட்டு

'சைடினா' விளையாடாத மலேசியக் குழந்தை உண்டா? பள்ளி விடுமுறையில் திண்ணையில் அட்டையை விரித்து, தாயக்கட்டையை உருட்டி, நிலம் வாங்கி, வீடு கட்டி, வாடகை வசூலித்து, கடைசியில் ஒருவர் மட்டும் பணக்காரராகி மற்றவர்கள் எல்லாரும் ஓட்டாண்டியாகும் விளையாட்டு. இது 'மோனோபோலி' என்னும் விளையாட்டின் நம் நாட்டு உறவு.

அந்த மோனோபோலிக்கு முன்னோடி, நில உடைமையாளர்களை எதிர்த்து உருவான ஒரு விளையாட்டு என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904ஆம் ஆண்டில் 'நிலக்கிழார் விளையாட்டு' என்ற பொருள்படும் பெயரில் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தைக் கையில் வைத்திருப்பவர் உழைக்காமலேயே வாடகையால் கொழுக்கிறார், அதனால் நிலத்தின் மதிப்புக்கு வரி போட வேண்டும் என்று ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளியல் சிந்தனையாளர் சொல்லிக் கொண்டிருந்தார். மேகி அவருடைய கொள்கையைப் பின்பற்றியவர். தத்துவத்தைப் புத்தகமாகப் படிக்கச் சொன்னால் எத்தனை பேர் படிப்பார்கள்? விளையாடிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

அவர் இரண்டு வகை விதிகளை வகுத்தார். ஒன்றில், ஒருவர் செல்வம் சேர்த்தால் எல்லாருக்கும் பங்கு கிடைக்கும். மற்றொன்றில், ஒருவர் மற்ற எல்லாரையும் நசுக்கி வெற்றி பெறுவார். இரண்டையும் விளையாடிப் பார்த்துவிட்டு எது நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள் என்பதுதான் அதன் நோக்கம். பிறகு என்ன நடந்தது? 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 500 டாலர் கொடுத்து அவருடைய காப்புரிமையை வாங்கியது. நசுக்கி வெல்லும் விதி மட்டும் உலகம் முழுக்கப் பரவியது. பங்கிட்டுக் கொள்ளும் விதி காணாமல் போனது. போராட்டமாகப் பிறந்த விளையாட்டு வியாபாரமாக முடிந்தது. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் இதற்கு வருவேன்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடினார்கள். அவர்களும் அட்டை விளையாட்டுகளை வெளியிட்டார்கள். 1909இல் வந்த 'பேங்க்-அ-ஸ்குவித்' என்ற விளையாட்டு அவற்றுள் ஒன்று. போராட்டத் தலைவி பேங்க்ஹர்ஸ்ட், பிரதமர் அஸ்குவித் ஆகிய இருவரின் பெயரையும் பிசைந்து வைத்த பெயர் அது. வீட்டிலிருந்து புறப்படும் பெண், காவலரையும் சிறையையும் தாண்டி நாடாளுமன்றத்தை அடைய வேண்டும். நம் பரமபதத்தில் பாம்புக்குத் தப்பி மேலே ஏறுவது போலத்தான். விற்ற பணம் இயக்கத்துக்குப் போனது. வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடும்போதே, "அம்மாவுக்கு ஏன் வாக்கு இல்லை?" என்ற கேள்வியும் பிறந்தது.

திடல் விளையாட்டிலும் இதைக் காணலாம். 1911 ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. கேடயக் காற்பந்து இறுதியாட்டம். மோகன் பகான் குழு, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவுக் குழுவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. காலணி அணிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியர்கள் தோற்கடித்தார்கள். வெள்ளைக்காரனை வெல்லவே முடியாது என்ற அச்சத்தை அந்த ஒரு மாலைப்பொழுது அசைத்துப் பார்த்தது.

சைக்கிளை விட்டு இறங்காத தோழர்கள்

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். பெரியவர் சொன்ன பெரட்டுக் களத்துக்கு.

1941ஆம் ஆண்டு. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்து, சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. ஆர்.எச்.நாதன் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். அவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், பேசவும் கூடவும் உரிமை வேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகளில் சில.

அந்தப் பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைமார்கள், கிராணிமார்கள் முன்னால் சைக்கிளில் போக அனுமதி வேண்டும் என்பது. ஆமாம் நேயர்களே, துரையைக் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். கூலி உயர்வோடு சேர்த்து மானத்தையும் கேட்டார்கள் நம் முன்னோர்.

அன்றைக்குச் சமூக வலைத்தளம் எது? அதே சைக்கிள்தான். ஒரு தோட்டத்துச் சேதியை மறு தோட்டத்துக்கு எடுத்துப் போக வேறென்ன இருந்தது? எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, லயத்து வாசலில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டவர் மறுநாள் மரம் வெட்டும்போது பக்கத்து நிரைக்காரரிடம் சொல்வார். இன்று நாம் 'பகிர்தல்' என்கிறோமே, அது இதுதான். ஒரு பத்திரிகைக்காரர் அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவராக ஆனது தற்செயலா? சேதியைக் கையாளத் தெரிந்தவர் மக்களைத் திரட்டவும் தெரிந்து கொண்டார்.

ஆனால் அதன் விலையையும் சொல்ல வேண்டும். 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தோட்டங்களுக்குள் இராணுவம் நுழைந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சேதி பரப்பியவர்களும், அதைக் கேட்டு வெளியே வந்தவர்களும் உயிரைக் கொடுத்து விலை செலுத்தினார்கள்.

கதவு மூடியபோது திறந்த சன்னல்

சுதந்திரத்துக்குப் பிறகு நாளிதழ்கள் பெருகின. அவற்றுக்குக் கடிவாளமும் வந்தது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி ஒவ்வோர் ஆண்டும் உரிமம் புதுப்பிக்க வேண்டும். 2012இல் திருத்தம் வரும்வரை இந்த நிலைதான். 1987 அக்டோபரில் 'ஓப்பராசி லாலாங்' நடவடிக்கையின்போது தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வாத்தான் ஆகிய இதழ்களின் உரிமம் முடக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஆசிரியர்களின் பேனா தானாகவே கொஞ்சம் தயங்கி எழுதத் தொடங்கியது.

இந்த நிலையில் ஒரு வேடிக்கை நடந்தது. 1996இல் அரசாங்கம் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டுத் தொழில்நுட்ப நிறுவனங்களை ஈர்க்க வேண்டும். அதற்காக, இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்தது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் அந்தச் சொல் இடம்பெற்றது. முதலீட்டாளருக்காகத் திறந்த சன்னல் வழியே குடிமக்களின் குரலும் வெளியே வந்தது!

1998 செப்டம்பரில் துணைப்பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கப்பட்டார். 'ரிஃபோர்மாசி' இயக்கம் எழுந்தது. இணையத்தளங்கள் காளான்கள் போல முளைத்தன. அச்சிட்டுப் படித்து, நகலெடுத்து, கோப்பிக்கடையில் கைமாற்றினார்கள். 1999 நவம்பர் 20ஆம் நாள் மலேசியாகினி பிறந்தது. பிறகு வலைப்பூக்கள் வந்தன. வலைப்பூ எழுதிப் புகழ்பெற்ற ஜெஃப் ஊய் 2008இல் ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினரானார். பொழுதுபோக்காக எழுதுகிறார் என்று நினைக்கப்பட்டவர் மக்கள் மன்றத்தில் போய் உட்கார்ந்தார்.

2007: கைத்தொலைபேசியில் வந்த சேதி

நம் சமுதாயத்தின் கதையில் 2007 நவம்பர் 25 மறக்க முடியாத நாள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், வேலையோடு சேர்ந்து வீடும் போனதும், கோயில்கள் இடிக்கப்பட்டதும் நெஞ்சில் கனன்று கொண்டிருந்தன. அவ்வாண்டு தீபாவளிக்குச் சில நாள்களுக்கு முன்னர் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் இடிக்கப்பட்டது. இண்ட்ராப் அமைப்பு, பிரிட்டிஷ் மகாராணியிடம் ஒரு மனு கொடுக்க, கோலாலம்பூரில் பிரிட்டிஷ் தூதரகத்தின் முன் திரளுமாறு அழைத்தது. சஞ்சிக்கூலிகளாக எங்களைக் கொண்டுவந்தவர்களே, விட்டுப்போனபோது எங்கள் உரிமைக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்பது அதன் சாரம்.

அப்போது புலனம் இல்லை. முகநூல் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தது சாதாரணக் கைத்தொலைபேசி. பச்சை வெளிச்சம் போடும் சின்னத் திரை. அதில் குறுந்தகவல் வந்தது. ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்பினார். பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு தகவலுக்கும் காசு. முன்கூட்டிப் பணம் போட்ட அட்டையில் மீதி இருப்பதைப் பார்த்துப் பார்த்து அனுப்பினார்கள். அதனால்தான் சொல்கிறேன், அது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

பேரணிக்கு நீதிமன்றத் தடை வாங்கப்பட்டது. சாலைத் தடுப்புகள் போடப்பட்டன. அப்படியும் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். பத்தாயிரத்துக்குக் குறையாது என்றும், முப்பதாயிரம் வரை இருக்கும் என்றும் ஊடகங்கள் மதிப்பிட்டன. கண்ணீர்ப்புகையும் இரசாயனம் கலந்த நீரும் பாய்ச்சப்பட்டன. அந்தக் காட்சிகள் அன்று மாலையே யூடியூப்பில் ஏறின. மறுநாள் நாளிதழ் என்ன எழுதும் என்று காத்திருக்க வேண்டிய அவசியம் மக்களுக்கு இல்லாமல் போனது.

இதற்கும் விலை இருந்தது. 2007 டிசம்பர் 13ஆம் நாள் பி.உதயகுமார், எம்.மனோகரன், ஆர்.கெங்காதரன், வி.கணபதிராவ், டி.வசந்தகுமார் ஆகிய ஐவரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2009இல்தான் அனைவரும் விடுதலையானார்கள். அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது.

சாலையில் தெரிந்த கோபம் வாக்குப்பெட்டியிலும் தெரிந்தது. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. சிலாங்கூர் கைமாறியது. தடுப்புக் காவலில் இருந்தபடியே மனோகரன் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். கலும்பாங் அடங்கியிருக்கும் உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியை ம.இ.கா. வேட்பாளர் ஜி.பழனிவேல் 198 வாக்குகளில் இழந்தார். வெறும் 198! ஒரு தோட்டத்து லயங்களில் இருப்பவர்களை எண்ணினால் அந்தக் கணக்கு வந்துவிடும்.

இரண்டே ஆண்டில், 2010 ஏப்ரல் 25ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் அதே தொகுதியை ம.இ.கா.வின் பி.கமலநாதன் 1,725 வாக்கு வித்தியாசத்தில் மீட்டார். அப்போது வலைப்பூக்களும் முகநூலும் முன்பைவிடப் பெருகியிருந்தன. அப்படியானால் வலைத்தளம் தோற்றதா? இல்லை. வலைத்தளத்தில் யார் உரக்கப் பேசுகிறார்கள் என்பது வேறு, தோட்டத்துப் பாட்டி வாக்குச் சீட்டில் எங்கே புள்ளடி போடுகிறார் என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஒரு விளையாட்டே போராட்டமானபோது

விளையாட்டும் வலைத்தளமும் ஒரே களத்தில் சந்தித்த சம்பவம் ஒன்று தமிழர் வரலாற்றில் உண்டு. அது 2017 ஜனவரி. ஜல்லிக்கட்டு.

2014 மே 7ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2016இல் மத்திய அரசு கொடுத்த அனுமதியையும் நிறுத்தி வைத்தது. 2017 பொங்கலும் காளையில்லாமல் கடந்தது. அலங்காநல்லூரில் திரண்டவர்கள் கைது செய்யப்பட்டனர். முகநூலிலும் புலனத்திலும் சேதி பறந்தது. ஜனவரி 17ஆம் நாள் சென்னை மெரினா கடற்கரையில் சிறு கூட்டமாகத் தொடங்கியது, நாளுக்கு நாள் பெருகி மனிதக் கடலானது. தலைவர் என்று ஒருவர் இல்லை. அரசியல்வாதிகளை மேடையேற விடவில்லை. இரவில் விளக்குகள் அணைந்தபோது ஆயிரக்கணக்கான கைத்தொலைபேசிகளின் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். சேதி கொண்டுவந்த அதே கருவி விளக்காகவும் ஆனது. கடல் கடந்த தமிழர்களும் ஆதரவுக்குத் திரண்டார்கள். மலேசியத் தமிழரும் அதில் சேர்த்தி.

ஜனவரி 23ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் ஜல்லிக்கட்டுக்கு வழிவிடும் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே நாள் காலையில் மெரினாவில் காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது. தடியடியும் தீவைப்பும் நடந்தன. ஆறு நாள் அமைதி கடைசி நாளில் குலைந்தது. தலைவர் இல்லாதது தொடக்கத்தில் பலம். எப்போது முடித்துக் கொள்வது என்று சொல்ல ஆளில்லாதபோது அதுவே பலவீனம். 2023 மே 18ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கூட்டம் கலைந்த பிறகு ஆறு ஆண்டுகள் நீதிமன்றத்தில் வாதாட ஆள் இருந்ததால்தான் அது நிலைத்தது.

கோமாளியும் நூலகமும்

நம் நாட்டில் 2016இல் ஓவியர் ஃபாமி ரெசா, அன்றைய பிரதமர் நஜிப்பைக் கோமாளி முகமாக வரைந்து வலைத்தளத்தில் போட்டார். படம் பரவியது. 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 30,000 வெள்ளி அபராதமும் விதித்தது. சிறைத் தண்டனை பின்னர் மேல்முறையீட்டில் நீங்கியது. ஒரு கேலிச் சித்திரத்துக்கு அவ்வளவு விலை.

2020 மார்ச்சில் 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு 'மைன்கிராஃப்ட்' விளையாட்டுக்குள் ஒரு நூலகம் கட்டியது. தத்தம் நாட்டில் தடை செய்யப்பட்ட கட்டுரைகளை அங்கே போய்ப் படிக்கலாம். செய்தித்தளத்தை முடக்கும் அரசுகள் பிள்ளைகளின் விளையாட்டை முடக்க யோசிக்கவில்லை. அதே ஆண்டு ஹாங்காங் போராட்டக்காரர்கள் 'அனிமல் கிராசிங்' விளையாட்டுத் தீவுகளில் தங்கள் முழக்கங்களை எழுதி வைத்தார்கள். ஏப்ரலில் அவ்விளையாட்டு சீன இணையக் கடைகளிலிருந்து மறைந்தது. விளையாட்டை விளையாட்டாக மட்டும் ஆட்சியாளர்கள் பார்ப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

2021 பிப்ரவரியில் வாசகர் கருத்துகளுக்காக மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 இலட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. சில மணி நேரத்தில் பொதுமக்கள் அத்தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு கோவிட் முடக்கத்தின்போது, உணவில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டச் சொன்ன இயக்கமும் வலைத்தளத்தில்தான் பரவியது. கொடியைப் பார்த்த அண்டை வீட்டார் அரிசியோடு வந்தார்கள். அரசாங்கத்தின் குறையைச் சுட்டிக் காட்டியதும் அதுவே, பசியை ஆற்றியதும் அதுவே.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலுக்குப் பிறகு டிக் டாக்கில் 1969 மே 13ஐ நினைவூட்டி இனப்பகையைத் தூண்டும் காணொளிகள் உலவின. காவல்துறை எச்சரிக்கை விடுத்தது. விரல் நுனியில் நல்லதும் பரவும், நஞ்சும் பரவும். 1941இல் நாளிதழை உரக்கப் படித்தவரை லயமே அறியும். தப்பாகப் படித்தால் மறுநாள் காலை பெரட்டில் கேட்பார்கள். இன்று பொய்யைப் பரப்புபவர் யாரென்றே தெரிவதில்லை.

மூன்று கேள்விகள்

ஆக, நேயர்களே, ஒட்டுக்கடைப் பெரியவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

கருவியை வைத்துப் போராட்டத்தை அளக்காதீர்கள் என்பேன். சைக்கிளும் ஒரு கருவி, நாளிதழும் ஒரு கருவி, குறுந்தகவலும் ஒரு கருவி, தாயக்கட்டையும் ஒரு கருவி. எதைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: சொல்வது உண்மையா? உண்மையில்லாத சேதி எத்தனை இலட்சம் பேரை எட்டினாலும் அது போராட்டமாகாது, புரளிதான்.

இரண்டாவது கேள்வி: திரையை விட்டு இறங்கினோமா? 2007இல் குறுந்தகவல் படித்தவர்கள் பஸ் ஏறினார்கள். 2008இல் வாக்களித்தார்கள். 18 வயதில் வாக்குரிமை கேட்ட இளைஞர்கள் வலைத்தளத்தில் முழங்கியதோடு நிற்காமல் நாடாளுமன்றக் கதவைத் தட்டினார்கள். 2019 ஜூலையில் சட்டத்திருத்தம் நிறைவேறியது, 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தூங்கப் போனால் எதுவும் நடக்காது.

மூன்றாவது கேள்வி: விலையை யார் கொடுக்கிறார்? நாம் பகிர்வதால் வேறொருவர் சிறைக்குப் போவாரானால், அவர் குடும்பத்துக்குப் பக்கத்தில் நிற்க நாம் தயாரா? முகம் காட்டாமல் தூண்டிவிட்டு ஒதுங்கிக் கொள்வது வீரமாகாது.

விளையாட்டைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். விளையாட்டின் தனிச்சிறப்பு என்ன தெரியுமா? செய்தி ஒரு சம்பவத்தைச் சொல்லும். விளையாட்டோ விதியைச் சொல்லும். நாம் ஏன் தோற்றுக் கொண்டே இருக்கிறோம் என்பதை விளையாடுகிறவன் தன் கையாலேயே தொட்டுப் பார்க்கிறான்.

நம் தோட்டத்துக் கதையை அப்படி நினைத்துப் பாருங்கள். தாத்தா காட்டை அழித்து மரம் நட்டார். அப்பா பால் வெட்டினார். தோட்டம் கைமாறியது. வேலை போனது, வேலையோடு வீடும் போனது. அடுத்த கட்டத்தில் நிலத்தின் விலை பலமடங்கு. ஆனால் அந்தக் கட்டத்தில் நம் காய் இல்லை. மூன்று தலைமுறை உருட்டிய தாயத்தில் ஒரு வீடுகூட நம் பெயரில் இல்லாமல் போனது எப்படி? தாயக்கட்டையின் குற்றமா, விதியின் குற்றமா? சைடினா ஆடிய நம் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியை நாம் கேட்டிருக்கிறோமா?

இன்று கணினியில் விளையாட்டு உருவாக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் கலும்பாங், கெர்லிங் பக்கத்துத் தாமான்களிலேயே இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுவதற்குப் பதிலாக, பெரியவரே, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பெரட்டுக் களத்துக் கதையைச் சொல்லுங்கள். எந்த நேரத்துக்குச் சங்கு ஊதும், எத்தனை மரம் ஒரு நிரை, மழை பெய்தால் கூலி உண்டா இல்லையா, துரை வந்தால் சைக்கிளை விட்டு ஏன் இறங்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர்கள் அதை ஒரு விளையாட்டாக்கட்டும். விளையாடும் மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும், "இப்படியா இருந்தது?" என்று கேட்கட்டும். இரண்டு வகை விதிகளும் அதில் இருக்கட்டும். எலிசபெத் மேகி வகுத்து, வியாபாரிகள் தொலைத்துவிட்ட அந்தப் பங்கிட்டுக் கொள்ளும் விதியை நம் பிள்ளைகளாவது மீட்டு எழுதட்டும்.

1941இல் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கையில் இருப்பது சைக்கிளோ கைத்தொலைபேசியோ, தலை நிமிர்ந்து போக வேண்டும். அதைத்தான் அவர்கள் கேட்டார்கள். நாமும் அதையே கேட்போம்.